ஆனந்த்பூர் சாகிப்: 1665ஆ, 1689ஆ? அமிர்தசரஸ் இருக்க இன்னொரு ஊர் எதற்கு?

ஊர்சுற்றி:
பஞ்சாபில் இருக்கும் சீக்கியர்களின் புனித ஊரான ஆனந்த்பூர் சாகிப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் 1665இல் ஒன்பதாவது சீக்கிய குரு தேக் பகதூர் உருவாக்கிய ஊர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1689, பத்தாவது குரு கோவிந்த் சிங் என்று போட்டிருக்கிறது. எது சரி? அமிர்தசரஸ் ஏற்கெனவே இருக்கும்போது எதற்காக சிவாலிக் மலையடிவாரத்தில் போய் ஊர் கட்டினார்கள் என்பதும் புரியவில்லை. கால்சா (அமிர்தம் குடித்து உறுதி எடுத்த சீக்கியர்களின் அமைப்பு) பிறந்த இடம் என்கிற ஒருவரி பதில் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

நூலகப்புழு:
இரண்டு ஆண்டும் சரிதான், ஊர்தான் இரண்டு. 1665 ஜூனில் குரு தேக் பகதூர் கஹ்லூர் என்ற மலைநாட்டுச் சமஸ்தானத்து ராணி சம்பாவிடம் மாக்கோவால் என்ற பாழடைந்த மேட்டுநிலத்தை வாங்கினார். ராணி சும்மா தருவதாகச் சொல்லியும் அவர் விலை கொடுத்தே வாங்கினார் என்பது மரபு. அங்கே எழுப்பிய குடியிருப்புக்குத் தன் தாயார் பெயரில் சக் நானகி என்று பெயர் வைத்தார். மகன் குரு கோவிந்த் சிங் சில ஆண்டுகள் பாவ்ண்டா என்ற ஊரில் இருந்து, 1688இல் பங்கானிப் போரில் மலைநாட்டு ராஜாக்களை ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்து, பக்கத்திலேயே ஆனந்த்பூரை உருவாக்கினார். பிறகு பழைய குடியிருப்பும் புதியதும் ஒன்றாகி, ஆனந்த்பூர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அமிர்தசரஸ் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது அந்த ஊர் குருமார்கள் கையில் இல்லை. ஷாஜகானின் படைகளோடு மோதல்கள் நடந்தபின் ஆறாவது குரு ஹர்கோவிந்த் 1630களில் சிவாலிக் அடிவாரத்துக் கீரத்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அமிர்தசரஸில் பொற்கோயில் நிர்வாகம் ஐந்தாவது குருவின் அண்ணன் பிரிதி சந்தின் வம்சத்தாரிடம் போய்விட்டது. 1664இல் குரு தேக் பகதூர் அங்கே போனபோது உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் வெளியே உட்கார்ந்திருந்த இடத்தில் இன்றைக்கும் தடா சாகிப் என்ற குருத்வாரா இருக்கிறது. சொந்தக் கோயிலிலேயே நுழைய முடியாத நிலை என்றால் வேறு இடம் பார்க்கத்தானே வேண்டும்?

செண்பகம்:
அதோடு, முகலாயர்களின் நேரடி ஆட்சிக்குள் வராத மலை ராஜ்ஜியம் என்பதும் ஒரு காரணம். ஆனால் ஆபத்து அங்கேயும் விடவில்லை. 1675இல் கிர்பா ராம் தலைமையில் காஷ்மீர் பண்டிதர்கள் முகலாயரின் கட்டாய மதமாற்றத்திலிருந்து காக்கும்படி இங்கேதான் வந்து முறையிட்டார்கள், அதே ஆண்டு டெல்லி சாந்தினி சௌக்கில் குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டது. அந்தத் தலையை ரகசியமாக எடுத்துக்கொண்டு ஆனந்த்பூர் வந்து சேர்ந்தவர் பாய் ஜைதா, அன்றைய சமூகம் தீண்டத்தகாதவராக ஒதுக்கிவைத்த சாதியைச் சேர்ந்தவர். அப்போது ஒன்பது வயதுப் பையனாக இருந்த குரு கோவிந்த் சிங் அவரைக் கட்டியணைத்துக்கொண்டார் என்பார்கள். 1699 பைசாகித் திருநாளில் கால்சா தொடங்கியபோது ஒரே இரும்புக் கிண்ணத்து அமிர்தத்தை எல்லாச் சாதியாரும் குடித்தது, இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுசாகப் புரியும்.

ஊர்சுற்றி:
நன்றி, நிறையத் தெளிந்தது. ஆனால் மலை ராஜாக்கள் ஏன் எதிரியானார்கள்? நிலம் கொடுத்ததே அவர்கள்தானே.

நூலகப்புழு:
நிலம் கொடுத்தபோது வந்தவர் ஒரு துறவி மாதிரி. பிறகு பார்த்தால் கேஸ்கட், ஆனந்த்கட், லோஹ்கட் என்று கோட்டைகள், நாடெங்கிலுமிருந்து குதிரையும் ஆயுதமும் காணிக்கையாக வருகின்றன, ரஞ்சித் நகாரா என்ற பெரிய முரசு வேறு மலையெல்லாம் எதிரொலிக்கிறது. ராஜாவின் எல்லைக்குள் இன்னொருவர் முரசு அடித்தால் எந்த ராஜா சும்மா இருப்பார்? குருவுக்கு அசாமிலிருந்து வந்த யானையைக் கஹ்லூர் ராஜா பீம் சந்த் கேட்டு, இவர் மறுத்த கதையும் உண்டு. சாதி பார்க்காத கால்சா அதற்குமேல் எரிச்சல். கடைசியில் அவர்களே முகலாயர்களிடம் உதவி கேட்டார்கள்.

ஆனந்த்பூர் முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது. பட்டினி தாங்காமல் நாற்பது பேர் "இனி நீங்கள் எங்கள் குரு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். (மாய் பாகோ என்ற பெண் கடிந்துகொண்டதும் திரும்பிப் போய், முக்த்சரில் போரிட்டு உயிர் விட்டவர்கள் இவர்கள்தான்.) முற்றுகையிட்ட முகலாயர்களும் மலை ராஜாக்களும் குர்ஆன் மேலும் பசு மேலும் சத்தியம் செய்து, குருவைப் பாதுகாப்பாக வெளியேற விடுகிறோம் என்றார்கள். வெளியே வந்ததும் பின்னாலேயே தாக்கினார்கள். வெள்ளம் புரண்ட சர்சா ஆற்றைக் கடக்கும்போது குடும்பம் சிதறிவிட்டது. மூத்த மகன்கள் இருவரும் சம்கௌரில் போரில் இறந்தார்கள், சின்னவர்கள் இருவரையும் சர்ஹிந்தில் உயிரோடு சுவர் வைத்து மூடினார்கள். இது 1704 டிசம்பரா 1705ஆ என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. குரு பிறகு ஆனந்த்பூரில் வாழவே இல்லை, 1708இல் நாந்தேடில் மறைந்தார்.

செண்பகம்:
முற்றுகையில் பாய் கன்னையாவை விட்டுவிட்டீர்களே! தோல்பையில் தண்ணீர் எடுத்துப்போய், விழுந்து கிடந்த எதிரிப் படையினருக்கும் கொடுத்தார். சீக்கியர்களே கோபப்பட்டு குருவிடம் புகார் சொல்ல, அவர் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, காயத்துக்குப் போட மருந்தையும் கையில் கொடுத்து அனுப்பினாராம்.

ஊர்சுற்றி, போகிற எண்ணம் இருந்தால் ஹோலிக்கு மறுநாள் ஹோலா மொஹல்லா என்ற திருவிழா, நிஹங்குகள் என்ற சீக்கியப் போர்வீரர்களின் குதிரையேற்றமும் கட்கா என்ற போர்க்கலையும் பார்க்கலாம், ஆனால் கூட்டம் தாங்காது. வரலாறுதான் முக்கியம் என்றால் வேறு மாதத்தில் போங்கள், முதலில் கீரத்பூரைப் பார்த்துவிட்டு ஆனந்த்பூருக்கு வாருங்கள், ரொம்பப் பக்கம்தான்.