ரிவர்ஸ் போட்டால் பின்புறம் இடப்பக்கமே ஓடுகிறது: குறுகிய வழியில் பாய்மரப் படகை வெளியே எடுப்பது எப்படி?

கேள்வி

34 அடிப் படகு. ஃபின் கீல் (அடியில் துடுப்புபோல் நீளும் தகடு), ஒற்றைச் சுக்கான், ஷாஃப்ட் டிரைவ் (எஞ்சினிலிருந்து தண்டு வழியாகப் புரொப்பெல்லர் சுற்றும்), 29 ஹெச்பி டீசல், மூன்று இலை ஃபிக்ஸ்ட் புரொப்பெல்லர். மலேசியாவின் லங்காவியில் ஒரு மரினாவில் (படகுத் துறையில்) அணியம், அதாவது முன்முனை, வடக்கே பார்க்கக் கட்டியிருக்கிறேன். ஃபிங்கர் பாண்டூன் (மிதக்கும் குறுகிய நடைமேடை) வலப்பக்கம், பக்கத்துப் படகு இடப்பக்கம். பின்னால் வழியின் அகலம் 18 மீட்டர். வெளியே போகும் வாய் மேற்கில், அதாவது என் இடப்பக்கம். கிழக்கே முட்டுச்சந்து.

ரிவர்ஸில் 1500 ஆர்பிஎம் வைத்துச் சுக்கானை முழுக்க வலப்பக்கம் திருப்பினாலும் பின்புறம் இடப்பக்கமே போகிறது. கடைசியில் அணியம் முட்டுச்சந்தைப் பார்த்து நிற்கிறது. கச்சான் (மேற்குக் காற்று) அடித்தால் அப்படியே அமுக்கிவிடுகிறது. சுக்கானில் பழுதா? புரொப்பெல்லரை மாற்ற வேண்டுமா?

பதில் 1

பழுது எதுவும் இல்லை. இதற்குப் பெயர் புரொப் வாக். முன்னோக்கிப் போகும்போது உங்கள் புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்க்க வலச்சுழியாகச் சுற்றும். ரிவர்ஸில் இடச்சுழி. அப்போது அது தள்ளும் நீர் சுழன்றபடி முன்பக்கம் போய்ப் படகின் வலப்புற அடியில் மோதும், பின்புறம் இடப்பக்கம் தள்ளப்படும். ஷாஃப்ட் பின்னோக்கிச் சரிந்திருப்பதால் இறங்கும் இலையும் ஏறும் இலையும் நீரை ஒரே கோணத்தில் வெட்டுவதில்லை, அதுவும் சேர்ந்துகொள்ளும். "கீழே தண்ணீர் அடர்த்தி அதிகம்" என்ற பழைய விளக்கத்தை விட்டுவிடுங்கள். அரை மீட்டர் ஆழத்தில் அடர்த்தி மாறாது.

சுக்கான் ஏன் கேட்கவில்லை? முன்னோக்கிப் போகும்போது புரொப்பெல்லரின் நீர் நேரே சுக்கானில் அடிக்கிறது. ரிவர்ஸில் அது எதிர்த்திசையில் ஓடிவிடுகிறது. படகு பின்னோக்கி நகர்ந்து வேகம் பிடிக்கும் வரை சுக்கான் வெறும் பலகை.

உறுதி செய்ய: கட்டுக்கயிறு இறுக்கமாக இருக்கும்போதே ஐடிலில் ரிவர்ஸ் போட்டு எட்டிப் பாருங்கள். வலப்பக்கம் நுரை பொங்கினால் பின்புறம் இடப்பக்கம் போகும்.

பதில் 2

1500-ஐ விடாமல் பிடித்திருப்பதுதான் தப்பு. புரொப் வாக் கியர் விழுந்திருக்கும் வரைதான். நியூட்ரலில் அது கிடையாது. சுக்கானை நடுவில் வையுங்கள். ரிவர்ஸில் 3, 4 விநாடி நல்ல தள்ளு, பிறகு நியூட்ரல். படகு உருளட்டும். ஒன்றரை, இரண்டு நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம் வந்ததும் சுக்கான் கேட்கத் தொடங்கும். அதற்குப் பிறகு வேகம் விடாமலிருக்க ஐடிலில் ரிவர்ஸ் போதும். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடியுங்கள். பின்னோக்கி ஓடும்போது நீர் சுக்கானைப் பறித்துக் கடைசிவரை அடித்துவிடும். சக்கரத்துக்குப் பதில் டில்லர் (சுக்கானைத் திருப்பும் கம்பு) என்றால் விலா பத்திரம்.

ஆனால் உங்கள் இடத்தில் இந்தச் சண்டையே வேண்டாம் என்பேன். பின்புறம் இடப்பக்கம் போகிறது. வாயும் இடப்பக்கம்தானே? பின்பக்கமாகவே வெளியே போங்கள். கச்சான் மேற்கிலிருந்து வருவது உங்களுக்குச் சாதகம்: ரிவர்ஸில் போகும் பாய்மரப் படகின் அணியம் காற்றோடு சரியும், பின்புறம் தானாகக் காற்றை நோக்கி நிற்கும். அகலமான இடம் வந்ததும் திரும்பிக்கொள்ளலாம்.

கேட்டவர்

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் வழியின் நடுவில் எதிரே படகு வந்து நிற்க வேண்டியிருந்தால்? அங்கேயே திருப்ப முடியுமா?

பதில் 3

காற்று இல்லாத நாளில் முடியும். கிழக்கே பார்த்து நிற்கிறீர்கள் என்றால் வலச்சுழியாக மட்டும் திருப்புங்கள். சுக்கான் முழுக்க வலது, கடைசிவரை அங்கேயே. முன்கியரில் 2 விநாடி நல்ல தட்டு. படகு நகரும் முன் அணியம் திரும்பத் தொடங்கும். நியூட்ரலில் ஒரு விநாடி. ரிவர்ஸில் 3 விநாடி. பின்புறம் இடப்பக்கம் உதையும், முன்னேறிய தூரமும் அடைபடும். மறுபடி நியூட்ரல், முன்கியர். இப்படியே நாலைந்து தடவை. ரிவர்ஸ் போடும்போது சுக்கானை மாற்ற வேண்டாம், படகு பின்னோக்கி ஓடவே போவதில்லை. நியூட்ரலில் நிற்காமல் நேரே மாற்றினால் கியர்பாக்ஸ் கிளட்ச் தேயும்.

கச்சான் 10 நாட்டுக்கு மேல் என்றால் முயலாதீர்கள். அணியம் காற்றுக்கு எதிரே ஏறாது, குறுக்கே மாட்டிக்கொள்வீர்கள்.

கயிறு வழியும் உண்டு, மெல்லிய காற்றில். 20 மீட்டர் கயிற்றை வலப்பக்கப் பின் கிளீட்டிலிருந்து (கயிறு கட்டும் கொம்பிலிருந்து) ஃபிங்கர் நுனிக் கிளீட்டைச் சுற்றி மறுபடி படகுக்கே கொண்டுவாருங்கள். தளர்த்தியபடி பின்னே வந்து, அணியம் இரண்டு மூன்று மீட்டர்தான் உள்ளே இருக்கிறது எனும்போது வின்ச்சில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளையில்) பிடித்து ஐடில் ரிவர்ஸிலேயே விடுங்கள். கயிறு வலது மூலையைப் பிடித்திழுக்க, அணியம் இடப்பக்கம், மேற்கே திரும்பும். இடப்பக்கப் பக்கத்துப் படகு மேல் ஒரு கண் இருக்கட்டும். முடிச்சில்லாத முனையை விட்டு, கயிறு முழுக்க மேலே வந்த பிறகுதான் முன்கியர். தண்ணீரில் மிச்சம் கிடந்தால் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும்.

பதில் 4

திரும்பி வரும்போது பின்புறம் உள்ளே போகும்படி கட்டிப் பாருங்கள். வாயிலிருந்து கிழக்கே வருகிறீர்கள், உங்கள் இடம் இடப்பக்கம். அதைப் பாதிப் படகு நீளம் தாண்டி, வலச்சுக்கானில் ஒரு தட்டு கொடுத்து, அணியம் தெற்கே திரும்பத் தொடங்கியதும் ரிவர்ஸ். புரொப் வாக் பின்புறத்தை நேரே இடத்துக்குள் தள்ளும். வெளியே போகும்போது அணியம் முன்னால், சுக்கானும் கேட்கும். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் மட்டும் பழையபடி அணியம் உள்ளே.

புரொப்பெல்லரை இதற்காக மாற்ற வேண்டாம். இரண்டு இலை ஃபோல்டிங் (இலை மடங்கும் வகை) போட்டால் ரிவர்ஸ் தள்ளு இன்னும் குறையும். ஃபெதரிங் (இலையின் கோணம் திரும்பும் வகை) நன்றாகப் பிடிக்கும், விலைதான் எட்டாது. முதலில் முகமூடி போட்டு இறங்கிப் பாருங்கள். அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரம் படகை அசைக்காமல் விட்டாலே இலை மேல் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் ஓட்டு உயிரி) ஏறிவிடும். தள்ளு குறையும், வேகம் பிடிக்க நேரமாகும், அதுவரை புரொப் வாக் இழுத்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். அதற்கு முன் எஞ்சின் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டு, அந்தச் சட்டையைக் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.