மறு: தன்சுரப்பு எரித்ரோபாய்ட்டின் அளவு – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். நாட்பட்ட குருதி நோயாளர்களின் உடலே சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் அளவைக் கண்காணிப்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் கேட்கப்பட்டது; அதற்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது. எரித்ரோபாய்ட்டின் என்பது சிவப்பணு உருவாவதைத் தூண்டும் இயக்குநீர் (ஹார்மோன்).

> எரித்ரோபாய்ட்டினுக்குச் ‘செங்குருதியாக்கி’ பொருந்தும். ‘இயற்கைச் செங்குருதியாக்கி அளவைக் கண்காணித்தல்’ எனலாம்.

‘செங்குருதி’ பற்றிப் பிறகு பேசலாம். ‘ஆக்கி’யை மட்டும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்பணுவை ஆக்குவது எலும்பு மஜ்ஜை. எரித்ரோபாய்ட்டின் பெரும்பாலும் சுரப்பது சிறுநீரகத்தில். திசுக்களுக்கு வரும் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகப் புறணியிலுள்ள உயிரணுக்கள் அதை உணர்ந்து இந்த இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அது குருதி வழியே மஜ்ஜையை அடைந்து, மடியவிருந்த முன்னோடி அணுக்களைக் காத்து முதிர வைக்கிறது. ஆக, அது விடுக்கும் ஆணை மட்டுமே. வேலையைச் செய்ய மஜ்ஜைக்குத் தெம்பு இருக்க வேண்டும்.

> கிரேக்க மூலத்திலேயே ‘ஆக்குதல்’ இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் 1948இல் வந்தது. சிறுநீரகமே அதன் ஊற்று என்று ஆய்வில் தெரிந்தது 1957இல்தான். 1977இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் யூஜின் கோல்ட்வாசர் குழுவினர் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமா? மஜ்ஜை செயலிழந்த சோகை நோயாளர்களிடம் திரட்டிய ஏறத்தாழ 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து. சிவப்பணுவை ஆக்கவே இயலாத உடல்களில்தான் ‘ஆக்கி’ அவ்வளவு மிகுந்திருந்தது! இந்த ஒரு செய்தி போதும், அந்தச் சொல் எவ்வளவு தவறான பொருளைத் தரும் என்பதற்கு.

ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். நலமானவருக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 4 முதல் 26 அலகு இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். மஜ்ஜை உருக்குலைவு நோய் (மஜ்ஜை இரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்) உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் 8, எரித்ரோபாய்ட்டின் 800 என்று வருகிறது. ‘செங்குருதியாக்கி 800’ என்று படித்தால் அவர் மகிழ்ந்துபோவார். உண்மையில் சிறுநீரகம் ஓயாமல் கேட்டும் மஜ்ஜை செவிசாய்க்கவில்லை என்பதே அதன் பொருள். அந்நோயில் அளவு 500ஐத் தாண்டியிருந்தால் எரித்ரோபாய்ட்டின் ஊசியால் பலன் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 200க்குக் கீழ் இருந்தால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. நாட்பட்ட சிறுநீரக நோயிலோ ஹீமோகுளோபின் அதே 8ஆக இருக்க, அளவு 15 என்று வரலாம். இயல்பு வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் அவ்வளவு சோகைக்கு அது போதாது. மரபுவழிச் சோகை நோயான தலசீமியாவில் அளவு உயரும். ஆனால் அதே ஹீமோகுளோபின் உள்ள மஜ்ஜைச் செயலிழப்பில் உயருமளவுக்கு உயராது. சிவப்பணு மிகைப்பு நோயான பாலிசைத்தீமியா வேராவில் பெரும்பாலும் இயல்புக்கும் கீழே இறங்கிவிடும்: மஜ்ஜை ஆணைக்குக் காத்திராமல் தானே ஆக்கிக்கொண்டிருக்கிறது. ‘ஆக்கி’க்குப் பதிலாகத் ‘தூண்டி’ என்று வைத்தால் இவை எல்லாமே விளக்கமின்றிப் புரியும்.

‘ஊக்கி’ என்ற பரிந்துரையும் நல்லதே. ஆனால் அதை மருந்து வகைக்கு ஒதுக்கி வைப்போம். ஊசியாகப் போடும் எல்லாவற்றையும் சேர்த்துச் ‘செவ்வணு ஊக்கி மருந்துகள்’ எனலாம். உடலில் சுரப்பது ‘செவ்வணுத்தூண்டி’. ‘செங்குருதி’க்குப் பதிலாக, சிவப்பணுவையே குறிக்கும் ‘செவ்வணு’வை வைத்திருக்கிறேன். ‘தைராய்டு தூண்டும் இயக்குநீர்’ ஏற்கெனவே புழங்குவதால் வடிவமும் புதிதல்ல.

அடுத்து ‘இயற்கை’. நோயாளர் இதை மூலிகையோடும் உணவோடும் சேர்த்துப் புரிந்துகொள்ள இடமுண்டு. இங்கே தேவைப்படும் வேறுபாடு, தன் உடல் சுரந்ததா, வெளியிலிருந்து ஏற்றியதா என்பதே. 1985இல் எரித்ரோபாய்ட்டின் மரபணுவைப் படியெடுத்து, 1989இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் கிடைக்கும் வரை இந்த அடைமொழிக்கே வேலை இருக்கவில்லை. மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் நோயெதிர்ப்பு முறை அளவீடு (எதிர்ப்பொருளைக் கொண்டு அளப்பது) இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஊசி போட்ட பின் எடுத்த குருதியில் இரண்டும் சேர்ந்தே எண்ணாக வரும். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே அளக்கச் சொல்கிறார்கள். குருதி ஏற்றினாலும் சுரப்பு தணிந்துவிடும் என்பதால் அதற்கும் முன்பே எடுப்பது நல்லது. ‘இயற்கை’க்கு மாற்றாகச் சொல்லக்கூடிய ‘உள்ளார்ந்த’ என்பது குணத்தைச் சொல்கிறது, ‘அகத்தோற்ற’ நாவில் நிற்கவில்லை. ‘தன்சுரப்பு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

‘கண்காணித்தல்’ இருக்கட்டும், பழகிய சொல்.

என் முன்மொழிவு: ‘நாட்பட்ட குருதி நோயாளர்களில் தன்சுரப்புச் செவ்வணுத்தூண்டி அளவைக் கண்காணித்தல்’. கட்டுரையில் முதல் முறை வரும்போது எரித்ரோபாய்ட்டின் என்ற பெயரையும் பக்கத்தில் தந்துவிட வேண்டும்; அறிக்கையிலும் மருந்துச் சீட்டிலும் அவர்கள் காணப்போவது அதைத்தான்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் சிவப்பணுவுக்குச் ‘செங்குழியம்’ வேரூன்றியிருக்கிறது. ‘செங்குழியத் தூண்டி’ என்று நீங்கள் எழுதினால் எனக்கு மறுப்பில்லை, பின்பாதி ஒன்றாக இருந்தால் போதும். ‘செவ்வணு’வையே இரு பக்கமும் ஏற்க முடியுமா? அகராதிப் பதிவைத் தொடங்குமுன் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்