வாரி பேரரசா, வெறும் பானையா? பிகில்லாக்டா அறைகளுக்குப் பதில் சொல்லுங்கள்

கல்தச்சன்:
இன்கா சாலைகள் இழையில் மலையேறி நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "இன்காவுக்கு முன் ஆண்டீஸில் பேரரசே கிடையாது. வாரி என்பது ஒரு பானைப் பாணி, அவ்வளவுதான்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. கி.பி. 600 முதல் 1000 வரை, இன்றைய பெருவின் அயாகுச்சோ பக்கம் தலைநகர் வைத்துக்கொண்டு தெற்கே மொகேகுவா வரை குடியேற்றம் அமைத்தவர்கள் பானை வியாபாரிகளா? பின்னாளில் இன்கா தலைநகரான குஸ்கோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், வாரி கட்டிய பிகில்லாக்டா இருக்கிறது. நூல் பிடித்த மாதிரி தெருக்கள், ஒரே அச்சில் 500-க்கும் மேற்பட்ட சிற்றறைகள். இன்கா தலையெடுக்கும் முன்பே குஸ்கோ வாசலில் கட்டிய கிடங்கு அது. கிடங்கு இருந்தால் வரி உண்டு, வரி இருந்தால் பேரரசு உண்டு. பதில் சொல்லட்டும்.

மலையேறி:
கிடங்காம்! அங்கே தோண்டிய தொல்லியலாளர் கார்டன் மெக்யூவன் அந்த அறைகளில் கண்டது அடுப்பும் வீட்டுக் குப்பையும். உண்மையான கிடங்கு பார்க்க வேண்டுமா? இன்காவின் ஊவானுகோ பம்பாவுக்குப் போங்கள். மலைச்சரிவில் குளிர்காற்று படும்படி, வரிசை வரிசையாகக் கிட்டத்தட்ட 500 கட்டடங்கள். வட்டமானவற்றில் மக்காச்சோளம், நீள்சதுரத்தில் கிழங்கு. அடுப்பு வைத்த கிடங்கை நான் கேள்விப்பட்டதில்லை. பிகில்லாக்டா சுவர்களுக்கு நடுவே நடந்து பார்த்தவன் நான், ஐயா. நீங்கள் திரையில் பார்த்தவர்.

கேள்விக்குறி:
ஒரு சின்னச் சந்தேகம். இருவரும் பேரரசு என்று எதைச் சொல்கிறீர்கள்? படையா, வரியா, ஆளுநரா? அதை முதலில் பேசினால் பாதிச் சண்டை தீருமே.

கல்தச்சன்:
நடந்து பார்த்தவராம். விமான டிக்கெட் எடுத்தவரெல்லாம் தொல்லியலாளர் என்றால் துறையை இழுத்து மூடிவிடலாம். தோண்டிய அறைகள் கொஞ்சம், தோண்டாதவை ஏராளம். நாலு அறையில் அடுப்பு கிடைத்தால் எல்லாமே வீடா? சரி, வீடாகவே இருக்கட்டும். அத்தனை பேரை ஒரே அளவு அறைகளில் குடிவைத்தது யார்? பானையா?

மலையேறி:
ஆக, கிடங்கு இல்லை என்று ஒப்புக்கொண்டாயிற்று. மகிழ்ச்சி.

கல்தச்சன்:
யார் ஒப்புக்கொண்டது? வாதத்துக்காகச் சொன்னேன். அது கிடங்குதான்.

சிச்சாப்பிரியன்:
அடுப்பை விடுங்கப்பா. மொகேகுவாவில் செர்ரோ பாவுல் என்று ஒரு தட்டை மலை. அதன் உச்சியில் வாரிகள் சிச்சா என்ற மது காய்ச்சிய கூடம் இருந்தது. கி.பி. 1000-ஐ ஒட்டி ஊரைக் காலி செய்தபோது கடைசியாக ஒரு விருந்து வைத்து, குடித்த கோப்பைகளைப் போட்டு உடைத்து, கூடத்துக்கே தீ வைத்துவிட்டுப் போனார்கள். அங்கே சால்வை ஊசிகள் கிடைத்ததால், காய்ச்சியவர்கள் மேல்குடிப் பெண்கள் என்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில்தான், டிட்டிகாக்கா ஏரிப் பக்கத்து இன்னொரு அரசான தியாவனாகோவின் ஆட்களும் குடியிருந்தார்கள்.

மலையேறி:
மலை உச்சியில் சரக்குக் காய்ச்சினால் பேரரசா? நல்ல இலக்கணம்.

ஏரிக்கரையான்:
தியாவனாகோவைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறீர்களே! வாரிப் பானைகளில் இருக்கும் கோலேந்திய தெய்வம் யாருடையது? தியாவனாகோ சூரிய வாயிலில் நிற்கிறதே, போய்ப் பாருங்கள். இதே கல்தச்சன் போன வருஷம் தியாவனாகோவின் பூமா புங்கு இடிபாடுகள் பற்றிய என் பதிவைச் 'சுற்றுலா விளம்பரம்' என்றார். நான் மறக்கவில்லை.

கல்தச்சன்:
அது சுற்றுலா விளம்பரம்தான். இப்போதும் சொல்கிறேன்.
விஷயத்துக்கு வருவோம். லிமாவுக்கு வடக்கே, கடற்கரையோரம் ஊவார்மேயில் 2012-ல் கொள்ளை போகாத ஒரு வாரிக் கல்லறை கிடைத்தது. 60-க்கும் மேற்பட்ட உடல்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கக் காதணிகள். அயாகுச்சோ மலை எங்கே, அந்தக் கடற்கரை எங்கே? 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய வரலாற்றெழுத்தாளர் சியேசா தெ லியோன் வாரி இடிபாடுகளைப் பார்த்து விசாரித்தபோது, உள்ளூர்க்காரர்களே இது இன்காவுக்கு வெகுகாலம் முந்தியது என்றார்கள். அப்புறம் கணக்குப் பாருங்கள். இன்காவைப் பேரரசாக்கிய பச்சாகுட்டி 1438-ல் பட்டத்துக்கு வந்தார், 1532-ல் இன்கா மன்னர் அத்தாவால்பா கஹமார்காவில் ஸ்பானியரிடம் பிடிபட்டார். நூறு வருஷம்கூட இல்லை. அதற்குள் சுமார் 40,000 கிலோமீட்டர் சாலை தானாக முளைத்ததா? வாரி போட்ட தடங்கள் மேல் நடந்தார்கள் ஐயா உங்கள் இன்காக்கள்! பிகில்லாக்டா அந்த வழியில் இருந்த கிடங்கு.

மலையேறி:
1438 என்பது ஸ்பானியர் எழுதிவைத்த அரசர் வரிசையை வைத்துப் போட்ட கணக்கு. பச்சாகுட்டி கட்டியதாகச் சொல்லும் மாச்சு பிச்சுவின் எலும்புகளில் 2021-ல் வெளியான கரிமக் கணிப்பு 1420 பக்கம் போகிறது. ஆண்டையே சரியாகச் சொல்லத் தெரியாதவர் சாலைக்குக் கணக்குப் போடுகிறார். கல்லறை, காதணி எல்லாம் சரி. அடுப்பு?

கல்தச்சன்:
1420 என்றாலும் 112 வருஷம்தான். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கிடங்குக் காவலாளி சாப்பிட மாட்டானா? அவனுக்கு அடுப்பு வேண்டாமா?

மலையேறி:
500 அறைக்கும் ஒரு காவலாளியா? புல்லரிக்கிறது.

ஏரிக்கரையான்:
பூமா புங்குவுக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கேள்விக்குறி:
நான் கேட்டதற்கு யாராவது...

கல்தச்சன்:
கேள்விக்குறி, நடுவில் வராதீர்கள். மலையேறி, தோண்டாத அறைகளில் அடுப்பு இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.