பெங்களூரில் ஒன் பிஹெச்கே: அட்வான்ஸைத் திரும்ப வாங்கிய கதை

குப்பத்துக்காரன்:

ஆந்திராவில் எங்கள் ஊர் குப்பத்தில் மெமு ரயில் பிடித்தால் பங்காருப்பேட்டை, மாலூர் தாண்டி ஒயிட்ஃபீல்டில் இறங்கிவிடலாம், நிறையப் பேர் தினமும் அப்படித்தான் போய் வருகிறார்கள். எனக்கு ஷிப்ட் ராத்திரியில் முடியும், அதனால் காடுகோடிப் பக்கம் ஒன் பிஹெச்கே தேடினேன். 2023-இல் அங்கே மெட்ரோ வந்த பிறகு டூ-லெட் போர்டு மாட்டியிருக்கிறவர்கள் பேரத்துக்கே நிற்பதில்லை. ஹாலில் சோபா போட்டால் கதவு பாதிதான் திறக்கும், அதற்கு 18,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ்.

ஓனர் தெலுங்குக்காரர். தெலுங்கில் பேச ஆரம்பித்ததும் ‘தம்முடு’ (தம்பி) என்றார், காபி வந்தது, வாடகை மட்டும் ஒரு ரூபாய் இறங்கவில்லை. ஆனால் அட்வான்ஸை ஆறு மாதமாகக் குறைத்தார். இதைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. பத்து மாத அட்வான்ஸ் 1,80,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் வருஷத்துக்கு 12,600, அதாவது மாதம் ஆயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்தை வட்டியில்லாமல் ஓனரிடம் கொடுத்து வைக்கிறோம், அதுவும் வாடகைதானே? வாடகையில் பிடிவாதமாக இருக்கிற ஆளும் அட்வான்ஸில் இளகுவார், அங்கே பேசுங்கள்.

குடியிருந்தபோது பெரிய சண்டை இல்லை. 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீர் வந்தது, மெயின்டனன்ஸை ஏற்றினார், சரி, ஊரே அப்படித்தான் இருந்தது. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஆபீஸில் வாடகைப்படிக்கான (ஹெச்ஆர்ஏ) வருமான வரிக் கழிவுக்கு ஓனரின் பான் நம்பர் கேட்பார்கள் இல்லையா, அதைக் கேட்ட அன்று மட்டும் தம்முடு ‘சார்’ ஆகிவிட்டேன்.

கதை காலி செய்யும்போதுதான். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது பெங்களூர் வழக்கம், அக்ரிமெண்டிலும் இருந்தது. அதற்கு மேல் கீசர், குழாய், ஈரம் ஊறிய சுவர் என்று ஒரு லிஸ்ட் நீட்டினார். குடிவந்த அன்று மூலை மூலையாக எடுத்த வீடியோவைக் காட்டினேன், சுவரும் கீசரும் லிஸ்டிலிருந்து போயின. அடுத்தது, ‘அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்.’ நம் பணத்தை முன்னமே செலவு செய்துவிட்டார் என்று அர்த்தம், இதை எந்த ஓனரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நான் போராடவில்லை, பலமநேரிலிருந்து வந்து ரூம் தேடிக்கொண்டிருந்த ஆபீஸ் நண்பனை நானே கூட்டிப் போனேன். அவன் அனுப்பிய பணம் ஓனர் கணக்கில் விழுந்து, அங்கிருந்து என் கணக்குக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். பெயிண்டிங் என்று பிடித்த 18,000? நண்பன் குடிபோனபோது அதே சுவர், அதே ஆணி.

கொழிஞ்சாம்பாறை:

எனக்குக் கொச்சி, காக்கநாடு. அங்கே அட்வான்ஸ் இவ்வளவு கொடுமை இல்லை, எனக்கு மூன்று மாதம்தான் கேட்டார்கள். தலைவலி பிளாட் அசோசியேஷன். கல்யாணமாகாத ஆளுக்கு வீடு கொடுக்க ஓனருக்குச் சம்மதம், செக்ரட்டரி சேட்டனுக்குச் சம்மதமில்லை. அப்பா பாலக்காட்டிலிருந்து வந்து நின்றதும் ‘குடும்பம் உண்டல்லோ’ என்று கேட் திறந்தது. அப்பா மறுநாளே ஊருக்குப் போய்விட்டார், அப்புறம் என் அக்கா வந்தால்கூட வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து. இன்னொன்று, அங்கே பல பிளாட்டுகளில் டேங்கர் தண்ணீர்தான், அதற்கான காசு வாடகையில் சேர்ந்ததா தனியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் வாயால் சொன்னது முதல் பில் வரும் வரைக்கும்தான் நின்றது.

நகரி:

சென்னையில் சட்டம் இருக்கிறது என்று தைரியமாகப் போனேன். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், 2019-இல் அமலுக்கு வந்தது, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அம்பத்தூர் ஓனர் அந்த ‘எழுதிக்கொள்ளாவிட்டால்’ என்பதை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார், அக்ரிமெண்டில் ஆறு மாதம் என்று டைப் அடித்தே வைத்திருந்தார். எத்தனை மாத ஒப்பந்தமானாலும் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறதே என்றேன், ‘11 மாசத்துக்கு எதுக்கு தம்பி அதெல்லாம்’ என்றார். பிடிக்கவில்லை, ஆனால் ஸ்டேஷன் நடக்கிற தூரம், சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் தூங்குவதற்குள் நகரியில் எங்கள் வீடு. கையெழுத்துப் போட்டுவிட்டேன். குப்பத்து அண்ணா, அந்த வீடியோவில் தேதி தெரிகிற மாதிரி எப்படி எடுத்தீர்கள், நாளைக்குச் சாவி வாங்குகிறேன்.

குப்பத்துக்காரன்:

தேதிக்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை தம்பி. எடுத்த கையோடு ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், தேதி நேரம் எல்லாம் அவர் போனிலேயே கிடக்கும். மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து எடு, இல்லாவிட்டால் பழைய ஆளின் கரண்ட் பில் உன் தலையில் விழும்.