வீராணம் ஏரியில் கைட்போர்டிங் பழகலாமா?

கேள்வி – கொள்ளிடக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். என் அத்தை மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது, கைட்போர்டிங்குக்காக, அதாவது பெரிய காத்தாடி இழுக்கப் பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டுக்காக, ஒருவர் பயன்படுத்திய 12 சதுர மீட்டர் காத்தாடியையும் பலகையையும் வாங்கி வந்திருக்கிறார். இருவருக்கும் நன்றாக நீந்தத் தெரியும், காத்தாடிதான் புதிது. ஆடிக் காற்று ஓய்வதற்குள் வீராணத்தில் லால்பேட்டைக் கரையிலிருந்து இறங்கிப் பழகலாம் என்றிருக்கிறோம். கடலைவிட ஏரி பாதுகாப்பானது என்று எண்ணுவது சரிதானா?

மறுமொழி – உப்பங்காற்று

ஏரியில் அலையில்லை என்பது உண்மை. ஆனால் இந்த விளையாட்டில் புதியவருக்குப் பெரும் ஆபத்து அலையால் வருவதில்லை. காற்று அவரைக் கொண்டுபோய் எதில் மோதவிடுகிறது என்பதைப் பொறுத்தே வருகிறது. வீராணத்தின் பெரிய கரை கிழக்கில் இருக்கிறது. ஆடிக் காற்றோ மேற்கிலிருந்து வீசுகிறது. நீங்கள் சொல்லும் இடத்தில் அது உங்களை நேராகக் கரைமேலும் சாலைமேலும்தான் தள்ளும். காத்தாடிக் கயிறே வழக்கமாக 20 மீட்டருக்குக் குறையாது. காற்று போகும் திசையில் அதைப்போல் இரு மடங்காவது மின்கம்பியும் மரமும் ஆளும் இல்லாத வெற்றிடம் வேண்டும். மேலும், மேட்டில் மோதும் காற்று மேல்நோக்கி எழும்புவதால், காத்தாடியைத் தலைக்கு நேர் மேலே நிறுத்திக்கொண்டு கரையில் நிற்பவரை ஒரு வீச்சில் தூக்கி எறிந்துவிடும்.

எதிர்க்கரையும் தீர்வாகாது. அங்கே காற்று உங்களை ஏரியின் நடுவுக்கு இழுத்துச் செல்லும். மரங்களைக் கடந்து வரும் காற்று, அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவுக்கு மேலும் சீராகாமல் சுழலும். வேகம் மணிக்கு 10 கடல் மைலிலிருந்து 14 கடல் மைலுக்குத் தாவினால், காத்தாடியின் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். முதலில் இராமேசுவரம் பக்கம் சென்று, இடுப்பளவு நீரில், சீரான கடற்காற்றில், பயிற்றுநர் ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி – மதகடி

தம்பி, காற்றைப் பற்றி அவர் சொன்னது முழுவதும் சரி. நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். வீராணம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால், நீர்வளத்துறையின் அனுமதியில்லாமல் அதில் இறங்கவே கூடாது. கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வரும் காலத்தில் வாய்க்கால் சேரும் இடத்தையும் பாசன மதகுகளையும் நெருங்காதீர்கள்; மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் மதகை நோக்கி இழுக்கும். மீன் வலைகளிலும், ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கிலும் கயிறு சிக்கினால் நீந்தத் தெரிந்தவருக்கும் மீள்வது கடினம். ஏரி வேண்டாமென்று கொள்ளிடத்துக்கும் போய்விடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீர் வந்தபின் கண்ணுக்குத் தெரியாது.

கொள்ளிடக்கரையான்

இருவருக்கும் மிக்க நன்றி. இராமேசுவரத்துக்கே போகிறோம். பழைய காத்தாடியில் புறப்படுமுன் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

மறுமொழி – உப்பங்காற்று

எல்லாவற்றுக்கும் முன்னால் அவசர விடுவிப்பான். இடுப்புப் பட்டையில் கொக்கி மாட்டும் இடத்துக்கு மேலே உள்ள அந்தப் பிடியை முன்னே தள்ளியதும் காத்தாடி இழுவையை இழந்து, பாதுகாப்புக் கயிறு ஒன்றில் மட்டும் தொங்க வேண்டும். உங்கள் உடல் எடை முழுவதும் அதில் இருக்கும்போது அது திறக்கிறதா என்று கரையில், காத்தாடி இல்லாமல், ஒருவரைக் கயிற்றை இழுக்கச் சொல்லிச் சோதியுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் கை அங்கே போய்ச் சேரும் வரை பழகுங்கள். மணலோ வண்டலோ உள்ளே காய்ந்திருந்தால் பிடி அசையாது; ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவுங்கள். பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றிவிட அதன் முனையில் தனியே ஒரு விடுவிப்பான் இருக்கும், அதையும் பாருங்கள். கயிறு இழுபடும்போது அதை ஒருபோதும் விரலிலோ கையிலோ சுற்றாதீர்கள், விரலே துண்டாகிவிடும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இன்றி இறங்க வேண்டாம்.

மற்றொன்று: பலத்த ஆடிக் காற்றில் புதியவருக்கு 12 சதுர மீட்டர் மிகப் பெரிது. அதை வீட்டில் வைத்துவிட்டு, பயிற்றுநர் தரும் சிறிய காத்தாடியிலேயே தொடங்குங்கள்.