பாலத்த முழுசா மூடாம பாதிப் பாதியா ரிப்பேர் பண்ண முடியாதா?

ஆத்தோரக்கடை:
எங்க ஊரு ஆத்துப் பாலத்துல பேரிங் மாத்தணுமாம், அடுத்த மாசத்துலேர்ந்து மூடப் போறாங்க. போர்டுல நாலு மாசம்னு போட்டிருக்கு, நம்ம ஊர்ல நாலுன்னா ஆறுன்னு வெச்சுக்கோங்க. எனக்கு கடை இந்தக் கரை, வீடு அந்தக் கரை, சுத்திப் போனா ஒம்பது கிலோமீட்டர். பொண்ணோட ஸ்கூல் வேன்காரரு இப்பவே "அண்ணே டீசலுக்கு ஐநூறு சேத்துக் குடுங்க"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. ஒரு பக்கத்த மூடிட்டு இன்னொரு பக்கம் விட்டா என்ன? இல்ல ராத்திரில மட்டும் வேலை பாத்தா என்ன? இல்ல ஸ்கூல் லீவுல மே மாசம் பண்ணக் கூடாதா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, சும்மா திட்றதுக்கு எங்க டீக்கடையிலயே ஆள் இருக்கு.

மாம்பழச்சாலை:
அண்ணே நாங்க பட்டுட்டோம். திருச்சில சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவுல இருக்கற காவிரிப் பாலம், 1976ல கட்டினது. 2022 செப்டம்பர்ல ரிப்பேருக்கு மூடினாங்க, செலவு 6.87 கோடி. மொதல்ல டூவீலர் மட்டும் விட்டாங்க, நாங்களும் பரவால்லன்னு இருந்தோம். நவம்பர்ல அதையும் நிறுத்திட்டாங்க. பஸ்சு காரு எல்லாம் ஓயாமரி ரோடு, சஞ்சீவி நகர், பைபாஸ் பாலம், திருவானைக்கோவில்னு சுத்திதான், இதுல வைகுண்ட ஏகாதசியும் அந்த ஜனவரில தான் வந்துச்சு, ஸ்ரீரங்கத்துக்கு வர்ற கூட்டத்த நெனச்சுப் பாருங்க. 2023 மார்ச்ல தெறந்தாங்க. சஞ்சீவி நகர் சிக்னல்ல நின்னு நின்னு எனக்கு பக்கத்து பைக்காரர் குடும்பக் கதையே தெரியும். ஆனா தெறந்தப்புறம் ஜாயின்ட் மேல போறப்ப முன்ன மாதிரி 'தடக்கு தடக்கு'னு முதுகுல எறங்கல, அத ஒத்துக்கணும்.

சைட்டு தாத்தா:
தம்பி, முப்பது வருசம் பாலம் வேலைல இருந்தவன், மூணு கேள்விக்கும் சொல்றேன். பேரிங்குங்கறது தூணுக்கும் மேல இருக்கற கர்டருக்கும் (பாலத்தத் தாங்கற நீள உத்தரம்) நடுவுல உக்காந்திருக்கற ரப்பர் கட்டை, உள்ள இரும்புத் தகடு அடுக்கடுக்கா இருக்கும். அத உருவணும்னா கர்டர் முனைய ஜாக்கி வெச்சு சில மில்லிமீட்டர் தூக்கணும். ஒரு வரிசைல இருக்கற கர்டர் எல்லாம் ஒண்ணா ஏறணும், ஒண்ணு ஏறி பக்கத்துது நின்னுச்சுன்னா மேல இருக்கற ஸ்லாப்பு கீறிக்கும். அந்த நேரத்துல மேல லாரி போனா என்ன ஆகும்னு நானே சொல்லணுமா. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதான் வெயில்ல பாலம் நீள்றதுக்கு விட்டிருக்கற இடைவெளி, அது மட்டும்னா பாதிப் பாதியா பண்ணலாம், நாங்களே பண்ணியிருக்கோம், ஆனா புதுசா போட்ட கான்கிரீட் இறுகறதுக்குள்ள பக்கத்து லேன்ல வண்டி குலுக்கிட்டே இருந்தா அது சரியா பிடிக்காது, ரெண்டு வருசத்துல மறுபடி பேந்துக்கிட்டு வரும். போறதுக்கு ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தனிப் பாலமா இருந்தா ஒண்ண மூடி ஒண்ணுல ரெண்டு பக்கமும் விடலாம். உங்களது ஒத்தப் பாலம்னு நெனைக்கறேன்.

ராத்திரி வேலை தார் ரோட்டுக்கு ஓகே. அதுலயும் கலவை பரப்பறப்ப 140 டிகிரி சூடாவது இருக்கணும், ரோலர் ஓட்டி முடிக்கறப்ப 90க்குக் கீழ போயிடக் கூடாது, பிளான்ட் தூரமா இருந்து லாரி லேட்டாச்சுன்னா வேஸ்ட். மே மாசங்கறது நல்ல கேள்வி. தூணு, அடித்தளம்னா தண்ணி இல்லாத மாசத்துல தான் எறங்குவோம், காவிரின்னா மேட்டூர் வழக்கமா ஜூன் 12 தெறந்து ஜனவரி 28 மூடுவாங்க, நடுவுல கெடைக்கறது நாலரை மாசம். பேரிங்குக்கு ஆத்துக்குள்ள எறங்க வேண்டியதில்ல, தூணு மேலயே நின்னு பாக்கலாம், அதனால டெண்டர் எப்ப முடியுதோ அப்ப ஆரம்பிச்சிடறாங்க. லீவு பாத்து டெண்டர் விடலாமேன்னா, விடலாம். அதுக்கு முந்தின வருசமே எஸ்டிமேட் போட்டு வெச்சிருக்கணும், அங்கதான் நம்ம ஆளுங்க தூங்கறது.

வாய்க்கால்_வரப்பு:
பாலத்த விடுங்க, எங்க தெருல புது ரோடு போட்டு சரியா பதினோராவது நாள் குடிநீர் பைப்புக்குன்னு தோண்டினாங்க. எண்ணி வெச்சிருக்கேன். ரெண்டு டிபார்ட்மென்டும் ஒரே காம்பவுண்டு.

சைட்டு தாத்தா:
@வாய்க்கால்_வரப்பு அது பிளானிங்கே இல்ல தம்பி, பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. பைப், கேபிள், பாதாளச் சாக்கடை எல்லாம் முடிஞ்ச கையெழுத்து வாங்கிட்டுத்தான் தார் போடணும். பழைய தார மில்லிங் பண்ணி சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டாரு, இல்லன்னா ரோடு ஏறிட்டே போயி மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வரும். அதையும் நின்னு கேட்டாத்தான் பண்றாங்க.

ஆத்தோரக்கடை:
தாத்தா ரொம்ப நன்றிங்க, இப்பதான் புரியுது. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள், மனு குடுக்கலாம்னு இருக்கேன். என்ன கேக்கறது?

சைட்டு தாத்தா:
மூடாதீங்கன்னு எழுதாதீங்க, அந்தப் பேப்பர் அப்படியே கட்டுல போயிடும். சுத்துப் பாதைல இருக்கற பள்ளத்த பாலம் மூடறதுக்கு முன்னாடி அடைக்கச் சொல்லுங்க, அத்தனை வண்டியும் அங்கதான் வரப் போகுது. மூடறதுக்கு ஒரு வாரம் முன்ன ரெண்டு நாள் டைவர்ஷன ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, எங்க சிக்குதுன்னு அப்பதான் போலீசுக்கே தெரியும். ஜாக்கி ஏத்தாத நாள்ல டூவீலர விட முடியுமான்னு கேளுங்க. ஆம்புலன்ஸ் அந்தக் கரைல ஒண்ணு நிக்கணும், இத மொதல்ல எழுதுங்க.

மாம்பழச்சாலை:
அண்ணே வேன்காரர்கிட்ட ஐநூறுக்கு ஒத்துக்கோங்க. எங்ககிட்ட எழுநூறு வாங்கினாரு, பாலம் தெறந்தப்புறமும் கொறைக்கல.