காட்டுப்பாதையில் கையில் எது? வன்னி அனுபவங்கள்

மல்லாவியிலிருந்து:

பொழுதுபட்ட பிறகு குளக்கட்டாலும் காட்டுப்பாதையாலும் தனியே வருகிறவர்கள் கையில் எதை வைத்திருக்கிறீர்கள்? ஆபத்து நேர்ந்த வேளையில் எது உதவியது? கேள்விப்பட்டது வேண்டாம், நேரில் பட்டதை எழுதுங்கள். "சின்னத் துவக்கு ஒன்று பையில் இருந்தால் பயமில்லை" என்று எங்கள் ஊர் இளம் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன். அந்தப் பேச்சே இங்கு ஆபத்து. துப்பாக்கிகள் பற்றிய 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதையும் வைத்திருக்க முடியாது. பயிர்க்காவலுக்கென்று விவசாயி ஒருவருக்கு அனுமதி கிடைத்தால், அது நீளக்குழல் 12 போர் துவக்காகத்தான் இருக்கும். மடியில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போவதற்கு யாரும் எழுதித் தரமாட்டார்கள். 2009க்குப் பிறகு இந்த மண்ணில் ஒருவர் மடியில் கைத்துப்பாக்கி பிடிபட்டால் அவர் குடும்பம் என்ன பாடுபடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் சட்டப்படி வைத்திருப்பவர்களும் எழுதுங்கள். பிள்ளைகள் அதையும் வாசிக்கட்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

நான் கோடாலிக்காரன். காம்பு என் நெஞ்சுயரம் இருக்கும். விறகுக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை, கரடிக்குத்தான் தேவை.

பாலை பழுக்கும் காலத்தில் நானும் அக்காவின் மகனும் காட்டுக்குள் போனோம். பாலை மரத்தடியில் புதிதாக முறிந்த பச்சைக் கிளைகள் கிடந்தால் கரடி ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததுமே மருமகனை எனக்குப் பின்னால் வரச் சொன்னேன். கொஞ்சத் தூரத்தில் "புஸ், புஸ்" என்று துருத்தி ஊதுவதுபோல ஒரு சத்தம். கரடி புற்றுக்குள் மூக்கை நுழைத்துக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த வேலையில் இருக்கும்போது அதற்கு வேறெதுவும் கேட்காது. நாங்கள் பின்வாங்குவதற்குள் காற்று திரும்பிவிட்டது. கரடி நிமிர்ந்தது, ஒரு உறுமல், நேரே வந்துவிட்டது.

கரடி முகத்துக்குத்தான் பாயும். இதை எங்கள் ஊரில் கண்ணிழந்தவர்களைப் பார்த்து அறிந்தேன். கோடாலிக் காம்பைக் குறுக்கே பிடித்து முகத்துக்கு முன்னால் தள்ளினேன், மருமகன் அடித்தொண்டையால் கத்தினான். நகம் காம்பில்தான் விழுந்தது. ஒரு முறை தள்ளியதும் அது பக்கவாட்டில் திரும்பிப் பற்றைக்குள் ஓடிவிட்டது. காம்பில் நான்கு கீறல்கள், சுண்டுவிரல் நகம் இறங்கும் ஆழம். மடியிலிருந்து எதையாவது உருவ அங்கே நேரம் இருந்ததா என்று கேட்டால், மூச்சு விடவே நேரம் இருக்கவில்லை. இப்போது காட்டுக்குள் போனால் உரக்கப் பேசிக்கொண்டே போகிறோம். நாங்கள் வருவது தெரிந்தால் கரடி தானாக விலகிவிடும்.

ஹூஸ்டனிலிருந்து (சொந்த ஊர் நெடுங்கேணி):

டெக்சாசில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிறைந்த தகுதியுள்ளவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் கொண்டு திரியலாம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்வதால் நானும் வைத்திருக்கிறேன். எடுத்தது ரூகர் எல்.சி.பி., .380 ரவை. வெறும் துப்பாக்கி 300 கிராமுக்கும் குறைவு, காற்சட்டைப் பையில் இருப்பதே தெரியாது.

ரவையைப் பற்றி இங்கே ஓயாத வாதம் நடக்கும். .380 என்பதும் 9 மி.மீ. சன்னம்தான், ஆனால் கோது 17 மி.மீ., வழக்கமான 9 மி.மீ. ரவையின் கோது 19 மி.மீ. அதற்கேற்ப மருந்தும் வேகமும் குறைவு. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எப்.பி.ஐ. வகுத்த சோதனையில் சன்னம் உடற்தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெல்லுக்குள் குறைந்தது 30 செ.மீ. வரை போகவேண்டும். குட்டைக் குழலிலிருந்து போகும் .380 சன்னம் நுனி விரிந்தால் பல நேரம் அந்த ஆழம் போகாது. .22 வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வலுக்குறைவு மட்டுமல்ல: விளிம்பில் அடித்து வெடிக்கும் அந்த ரவை சில நேரம் வெடிக்காமலே போகும். இன்று தேர்வு செய்தால் சிக் பி365 போன்ற சிறிய 9 மி.மீ. எடுப்பேன். எடை அரைக் கிலோ ஆனாலும் கைக்குள் அடங்கி நிற்கும். என்னுடையது லேசானது என்பதாலேயே பின்னுதை உள்ளங்கையை எரிக்கும். பழகவே மனம் வராது, பழகாத துப்பாக்கியால் பயனில்லை. எதை எடுத்தாலும் விசையை மூடும் உறை கட்டாயம், அந்தப் பையில் சாவியோ சில்லறையோ போடவே கூடாது.

ஒரு இரவு வாகனத் தரிப்பிடத்தில் ஒருவன் கையை மேலாடைக்குள் வைத்தபடி நேர் என்னை நோக்கி வந்தான். நான் காரைச் சுற்றி மறுபக்கம் போய், "அங்கேயே நில்" என்று உரத்துச் சொன்னேன். கை பைக்குள் இருந்தது, எடுக்கவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான். என்னைக் காத்தது இடையில் நின்ற கார். அண்ணா, உங்கள் கரடிக்கு முன்னால் இந்த .380 எதற்கும் உதவாது. காயப்பட்ட கரடியைத்தான் மிச்சம் வைக்கும்.

செட்டிகுளத்திலிருந்து:

நான் ஆசிரியை. மடு வீதியால் ஸ்கூட்டரில் வருகிறேன். வீதியில் ஆவி பறக்கும் சாணம் கிடந்தால் அதற்கு அப்பால் போவதில்லை. இன்னொரு வாகனம் வரும்வரை நிற்பேன். யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்கக் கூடாது, இயந்திரத்தை நிறுத்தவும் கூடாது, தூரத்திலேயே திருப்பிவிட வேண்டும். வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடியை என் கணவர் வயலில் பயன்படுத்துகிறார். திரி பற்றியதும் எறிந்துவிட வேண்டும். பக்கத்து வயல்காரர் ஒருவர் ஒரு நொடி பிந்தியதில் இரண்டு விரல்களை இழந்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு திரிய நான் சம்மதிக்க மாட்டேன்.

நெடுங்கேணியிலிருந்து:

எல்லோரும் கையில் இருப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் சித்தப்பாவின் காலை எடுத்தது யார் கையிலும் இல்லாத துவக்கு. பன்றிக்கென்று யாரோ கட்டிய, குறுக்கே கட்டிய இழையில் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு. மாடு தேடிப் போனவர் இழையைக் காணவில்லை. முழங்காலுக்குக் கீழே சன்னமும் துருப்பிடித்த இரும்புத்துண்டும் ஏறியிருந்தன. உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி, சாரத்தால் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை.

அதற்குப் பிறகு பற்றைக்குள் நான் எடுத்துப்போவது நீண்ட பூவரசந்தடி. நிலத்தில் முட்டாமல், நிமிர்த்தி, உடம்புக்கு ஓர் எட்டு முன்னால் பிடித்தபடி மெதுவாக நடப்பேன். இழை இருந்தால் முதலில் தடியில் மெல்லப் படவேண்டும், அந்தக் கணமே நின்றுவிட வேண்டும். பன்றித்தடம் தெளிவாகத் தெரியும் இடத்தால் தடி இருந்தாலும் போவதில்லை, சுற்றித்தான் போவேன்.

பாலைப்பழக் காலம் வருகிறது, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் காட்டோரம் போவார்கள். கட்டுத்துவக்குக் கட்டியிருப்பவர் யாராவது இதை வாசித்தால், உங்கள் பெயரை யாரும் கேட்கமாட்டோம். இன்றைக்கே போய் அவிழ்த்துவிடுங்கள்.